கிட் கார் சைலன்சரின் இரைச்சல்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

உதிரிகளாக வாங்கி வீட்டு முற்றத்தில் வைத்துப் பொருத்திய கிட் கார்களில் பெரும்பாலும் ஒரே வகைச் சைலன்சரே இருக்கும். நடுவே துளைகள் நிறைந்த குழாய் ஒன்று நேராக ஓடும். அதைச் சுற்றிக் கண்ணாடி நார்ப் பஞ்சு இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். அதற்கு வெளியே ஸ்டெயின்லெஸ் இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு கூடு, இரு முனைகளிலும் ரிவெட் அடித்த மூடிகள். பிரேக் பாட் தேய்வதைப் போல இந்தப் பஞ்சும் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள். திருகோணமலையில், அதிலும் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடலை ஒட்டி ஓடும் வாகனங்களில், அது இன்னும் விரைவாகக் கெடுகிறது. குறுகிய ஓட்டங்களில் சைலன்சருக்குள் தங்கிவிடும் நீரையும் காற்றோடு வரும் உப்பு ஈரத்தையும் பஞ்சு பிடித்து வைத்துக்கொள்வதால், கூடு உள்ளிருந்தே அரிபடத் தொடங்குகிறது.

சத்தம் கூடியதும் சைலன்சரைக் கழற்றிப் பிரிப்பதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. ரிவெட்டுகளையெல்லாம் துளைத்து எடுத்து மூடியைத் திறந்தால் பஞ்சு நல்ல நிலையில் இருக்கும். ஒழுக்கோ எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து அனுப்பும் மனிபோல்ட்டின் காஸ்கட்டில், அதாவது மூட்டுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகட்டில், இருக்கும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகவே முதலில் சத்தத்தின் தன்மையைக் கேளுங்கள். கீழேயுள்ள தலைப்புகளில் அதற்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்து, அங்கே சொல்லப்பட்ட ஒழுங்கிலேயே பாருங்கள். செலவில்லாத காரணங்கள் முதலிலும் செலவு கூடியவை பின்னாலும் வருகின்றன.

கை வைக்குமுன்

எக்ஸோஸ்ட் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆகவே இந்தச் சோதனைகளுக்கு விடியற்காலையே ஏற்றது. வாகனத்தை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகள் இரண்டை வைக்க வேண்டும். முற்றம் மணலாக இருந்தால், எமது கரையோர வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஸ்டாண்டுகளின் அடியில் அகலமான தடித்த பலகை போட வேண்டும். எஞ்சினை ஓடவிடும் சோதனைகளைத் திறந்த வெளியிலேயே செய்யுங்கள். கொட்டகைக்குள் கதவைத் திறந்து வைத்திருப்பது போதாது. கிட் காரின் உடல் பெரும்பாலும் பைபர் கிளாஸில் ஆனது என்பதால், சைலன்சரில் எந்த ஒட்டு (வெல்டிங்) வேலையானாலும் அதை வாகனத்திலிருந்து கழற்றி எடுத்த பின்னரே நெருப்பைக் கிட்டக் கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: வாகனத்துக்குள் புகை மணக்கிறது

சத்தம் கூடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுவே. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. புகை மணக்கிறது என்றால் அதுவும் கூடவே வருகிறது என்று கொள்ள வேண்டும். மேல்மூடி இல்லாத கார்தானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று எண்ணுவது ஆபத்தானது. முன்கண்ணாடிக்குப் பின்னால் சுழலும் காற்று, பக்கவாட்டில் வெளியேறும் புகையை இருக்கைப் பக்கம் இழுத்து வரும்.

முதலில் வால் குழாயின் முனை உடலின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்ததாக கியர் கோலின் றப்பர் உறை, பெடல்களுக்கான துளைகள், தரைத்தகட்டின் மூட்டுகள் ஆகியவற்றில் இடைவெளி இருக்கிறதா என்று தேடுங்கள். பின்னர் அடுத்த தலைப்பில் உள்ள ஒழுக்குச் சோதனையைச் செய்யுங்கள். ஒழுக்கு எங்கே என்று தெளிவாகத் தெரியாவிட்டால் வாகனத்தை ஓட்டாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே சரி. அந்த நிலையில் கந்தளாய் வரை போகலாம் என்று ஒருவரும் துணியக் கூடாது.

அறிகுறி: காலையில் 'டிக் டிக்' என்ற சத்தம், சூடேறியதும் குறைகிறது

இது பஞ்சின் குறை அல்ல. எங்கோ ஒரு மூட்டில் புகை ஒழுகுகிறது. உலோகம் சூடேறி விரியும்போது அந்த இடைவெளி ஓரளவு அடைபடுகிறது.

கண்ணால் பார்ப்பதே முதற் சோதனை. ஒழுகும் இடத்தைச் சுற்றிக் கரிப் படலம் விசிறி விரிந்தாற்போல் படிந்திருக்கும். தெரியவில்லை என்றால் எஞ்சின் நின்றிருக்கும்போதே வக்கியூம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வால் குழாயில் துணி சுற்றிப் பொருத்தி, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவுங்கள். ஒழுகும் இடத்தில் நுரை கிளம்பும். வக்கியூம் கிளீனர் இல்லாதவர்கள் குளிர்ந்த எஞ்சினை இயக்கி, தடித்த கையுறை அணிந்த கையில் மடித்த துணியை வைத்து வால் குழாயைச் சில விநாடிகள் மட்டும் அடைத்துப் பார்க்கலாம். மூட்டுகள் நன்றாக இருந்தால் எஞ்சின் திணறும். ஒழுக்கு இருந்தால் 'உஸ்' என்ற சத்தம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

காரணங்களில் எளியது தளர்ந்த கிளாம்ப், இறுக்கினால் போதும். அடுத்தது மனிபோல்ட் நட்டுகள். குளிர்ந்த நிலையில், நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அதன் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் காஸ்கட் மாற்ற வேண்டும். பழைய எஞ்சின்களில் இருந்து கழற்றும் காஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால், அதைக் காய்ந்தபடியே சுரண்டாமல் நனைத்து எடுக்க வேண்டும்.

காஸ்கட்டை மாற்றிய பின்னும் அதே இடம் மறுபடி மறுபடி ஒழுகுமானால், காஸ்கட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. எஞ்சின் றப்பர் மவுண்டுகளின் மேல் அசையும். சைலன்சரோ பல கிட் கார்களில் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். அந்த இழுபறியை இடையிலுள்ள மூட்டே தாங்க வேண்டியிருக்கிறது. சைலன்சரின் தாங்கியில் றப்பர் புஷ் போடுவது செலவு குறைந்த தீர்வு. வளைந்துகொடுக்கும் பெலோஸ் துண்டு ஒன்றை இடையில் ஒட்டுவது கூடுதல் செலவானது, ஆனால் நெடுநாள் நிலைப்பது. மனிபோல்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் (திருகாணித் தண்டு) உடைந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றுவிட்டாலோ மனிபோல்ட் வெடித்திருந்தாலோ அங்கேயே நிறுத்தி லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். உடைந்த ஸ்டட்டைத் துளைத்து எடுக்கும்போது துளை சற்றுச் சாய்ந்தாலும் ஹெட் பழுதாகும்.

அறிகுறி: சத்தம் மாதக்கணக்கில் மெல்லக் கூடி, இப்போது எல்லா வேகத்திலும் வறண்டு கிறீச்சிடுகிறது

பஞ்சு தீர்ந்ததன் அடையாளம் இதுதான். ஆழ்ந்த உறுமல் போய்த் தகரத்தன்மையான, காதைக் கீறும் சத்தம் வரும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மெதுவாகப் போகும்போதே மான்கள் வெருண்டு ஓடுமானால் இந்த வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

பிரிக்காமலே மூன்று சோதனைகள் செய்யலாம். குளிர்ந்த கூட்டை விரல் மடித்து நீளவாக்கில் தட்டிப் பாருங்கள். பஞ்சு உள்ள இடம் 'தொப்' என்று அடங்கி ஒலிக்கும், காலியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடுத்து, கூட்டின் மேற்பரப்பில் நீலமோ பழுப்போ படர்ந்திருக்கிறதா, வண்ணம் பொக்களித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் பஞ்சு இல்லாமல் சூடு நேரே கூட்டைத் தாக்கியிருக்கிறது. மூன்றாவதாக, வால் குழாயின் உட்பக்கத்தில் வெண்ணிற நார்த்துண்டுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கழற்றி எடுத்த பின் சைலன்சரைத் தராசில் நிறுத்து, சென்ற முறை குறித்து வைத்த நிறையோடு ஒப்பிட முடிந்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை. இதுவரை குறித்து வைக்காதவர்கள் இம்முறை பஞ்சு அடைத்து முடிந்ததும் நிறையையும் திகதியையும் மூடியின் உட்புறம் கீறி வையுங்கள்.

பஞ்சு தீர்ந்த பின்னும் பல மாதங்கள் ஓட்டுகிறவர்கள் உண்டு. அது பெரிய இழப்பில் முடியும். பஞ்சுக்கு ஆகும் செலவு சிறியது. பஞ்சில்லாமல் ஓடினால் துளைக்குழாய் அதிர்ந்து வெடிக்கும், கூடு சூட்டில் வெந்து மெலியும், பிறகு முழுச் சைலன்சரையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிவரும்.

பஞ்சு மாற்றும் வேலை

முதலில் மூடிக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறி வையுங்கள்; மறுபடி பூட்டும்போது ரிவெட் துளைகள் நேரே வர அது உதவும். பெரும்பாலான கூடுகளில் 4.8 மில்லிமீற்றர் ரிவெட்டுகளே இருக்கும். அவற்றுக்கு 5 மில்லிமீற்றர் டிரில் பிட் சரியானது. ரிவெட்டின் நடுவில் நிற்கும் கம்பித் துண்டை ஆணி போன்ற மெல்லிய இரும்புத் தள்ளியால் முதலில் உள்ளே தட்டி விட்டால் பிட் வழுக்காது. எல்லா ரிவெட்டுகளையும் எடுத்த பின்னும் மூடி அசையாமல் நின்றால், மரக்கட்டையை வைத்துச் சுற்றிவரத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தால் விளிம்பு நெளியும். நெளிந்த விளிம்பில் பிறகு எந்தப் பூச்சும் புகையைத் தடுக்காது. மூடிகள் ரிவெட் இல்லாமல் சுற்றிவர ஒட்டப்பட்டிருந்தால் இந்த வேலை வீட்டில் ஆகாது. ஸ்டெயின்லெஸ்ஸிலும் அலுமினியத்திலும் ஆர்கன் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்து வெட்டி, பஞ்சை நீங்களே அடைத்து, மறுபடி அவரிடமே ஒட்டக் கொடுக்க வேண்டும்.

பழைய பஞ்சைத் தொடுமுன் நீளக்கைச் சட்டையும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, துணி முகக்கவசத்தை விட்டு என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நீர் தெளித்து நனைத்தால் நார்த்தூசி எழாது. வெளியே எடுத்ததைப் பையில் கட்டிவிட வேண்டும். முற்றத்தில் கச்சான் காற்று அடிக்கும் நாளில் இதைப் பிரித்தால் நார் அடுத்த வீட்டு உடுப்புக் கொடி வரை போகும்.

எடுத்த பஞ்சைக் கட்டிவைக்குமுன் நன்றாக உற்றுப் பாருங்கள். வெளுத்து, விரலில் நசுக்கினால் பொடியாகிறது என்றால் சூட்டில் தீர்ந்தது. முன்பாதி மட்டும் காணாமல் போயிருந்தால் அது இயல்பு. சூடு கூடிய புகை நுழையும் பக்கம் அதுதான். கருத்துப் பிசுபிசுத்தால் எஞ்சின் எண்ணெய் எரிக்கிறது. பழுப்பு நிறத்தில் ஈரமாக, அடிப்பக்கம் மட்டும் கட்டியாகியிருந்தால் நீர் தங்கியிருக்கிறது. இந்த நான்கில் கடைசி இரண்டுக்கும் பஞ்சு மாற்றுவது அரை வேலைதான். மூலக் காரணத்துக்குக் கீழேயுள்ள தலைப்புகளைப் பாருங்கள்.

துளைக்குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அடைபட்ட துளைகளைத் திறந்து, மூடியோடு சேரும் ஒட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகளுக்கு இடையிலான உலோகம் விரலால் அழுத்தினாலே வளையும் அளவுக்கு மெலிந்திருந்தால், அதற்கு மேல் புதுப் பஞ்சு சுற்றுவது வீண். அதே விட்டமுள்ள துளைக்குழாயை மாற்ற வேண்டும்.

எந்தப் பஞ்சு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹார்ட்வெயார் கடையில் தகரக் கூரைக்குக் கீழ் விரிக்க வெள்ளித்தாள் ஒட்டி விற்கும் கண்ணாடிப் பஞ்சு இதற்கு உதவாது. அதைப் பிணைத்திருக்கும் பிசின் எரிந்து நாறும், குட்டை நார்கள் துளைகள் வழியே பறந்துவிடும். மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் போடும் பட்டறைகளில் கிடைக்கும் வெட்டு நார்ப் பாயும் அவ்வாறே பிணைப்பு எரிந்ததும் அவிழ்ந்து போகும். வேண்டியது சைலன்சருக்கென்றே விற்கப்படும் நீள நார்ப் பஞ்சு. கண்ணாடி நாரானாலும் சரி, அதைவிடச் சூடு தாங்கும் பசால்ட் (எரிமலைப் பாறை) நாரானாலும் சரி. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் சொல்லிவைத்தால் கொழும்பிலிருந்து தருவித்துக் கொடுப்பார்கள். சாதாரணக் கண்ணாடி நார் ஏறத்தாழ 840 பாகை செல்சியஸில் இளகும். அதற்கு வெகு முன்னதாகவே நொறுங்கத் தொடங்கிவிடும். கிட் காரில் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையிலான குழாய் குட்டையாக இருப்பதால் புகை அதிகம் ஆறாமலே வந்து சேர்கிறது. ஆகவே துளைக்குழாயை ஒட்டி முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பிப் பஞ்சை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் சுற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்புப் பஞ்சு இங்கே சில வாரங்களில் கறளாகிவிடும்.

அளவை நிறுத்தே அடைக்க வேண்டும், கைக்கணக்கு ஏமாற்றும். ஒரு லீற்றர் இடத்துக்குச் சுமார் 100 முதல் 150 கிராம் வரை கண்ணாடி நார் என்பது நடைமுறை அளவு. கூட்டின் உள்விட்டம் 15 சென்ரிமீற்றர், குழாயின் வெளிவிட்டம் 5 சென்ரிமீற்றர், நீளம் 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 15இன் வர்க்கம் 225, 5இன் வர்க்கம் 25. வித்தியாசமான 200ஐ 0.785ஆல் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கினால் 7,850 கன சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 7.85 லீற்றர். கம்பிப் பஞ்சு அதில் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 6.9 லீற்றருக்கு, லீற்றருக்கு 120 கிராம் வீதம், சுமார் 830 கிராம் நார் தேவை. குறைவாக அடைத்தால் நார் உள்ளே ஆடி ஆடியே உதிரும். அளவுக்கு மிஞ்சித் திணித்தால் ஒலி உட்புக இடமின்றிச் சத்தம் மறுபடி கூடும்.

கம்பிப் பஞ்சை மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் நாரை ஒரே திசையில் சுருட்டி, பருத்தி நூலால் சில இடங்களில் கட்டுங்கள். நூல் முதல் ஓட்டத்திலேயே எரிந்துபோகும்; நார் விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். பிளாஸ்டிக் டேப் சுற்றக் கூடாது. உருட்டியது கூட்டுக்குள் நுழைய மறுத்தால், மெல்லிய தகட்டை அதைச் சுற்றிக் குழலாக்கி, அந்தக் குழலோடு உள்ளே தள்ளி, பின் தகட்டை மட்டும் உருவி எடுங்கள். சுருட்டிய திசையிலேயே திருகிக்கொண்டு தள்ளினால் நார் அவிழாது. இரு முனைகளிலும் மூடிக்கு அருகே ஒரு விரல் அளவு இடம் காலியாக நிற்பது வழக்கம். அதை வளையமாக வெட்டிய நார்த்துண்டால் கட்டாயம் நிரப்புங்கள். புகை முதலில் குடையத் தொடங்குவது அந்த மூலையைத்தான்.

மூடியின் உட்பக்கத்தில் சூடு தாங்கும் சிலிக்கோனை மெல்லிய கோடாக இட்டு, கீறிய கோட்டைப் பொருத்தி, எதிரெதிரான துளைகளில் மாறி மாறி ரிவெட் அடியுங்கள். ஏறத்தாழ 300 பாகை வரை தாங்கும் இந்தச் சிலிக்கோன் மூடிக்குப் போதும். மனிபோல்ட் பக்க மூட்டுகளுக்கு அது உதவாது, அங்கே எக்ஸோஸ்ட் பேஸ்ட் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ரிவெட்டுகளையே பயன்படுத்துங்கள். கூடு அலுமினியமாக இருந்தால், உப்புக்காற்றில் ஸ்டெயின்லெஸ் ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரியும் என்பதால், ஒவ்வொரு ரிவெட்டையும் சிலிக்கோனில் தோய்த்து அடிக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் சிறிது நேரம் வெண்புகையும் மணமும் வருவது இயல்பு. கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் போய்த் திரும்பி, முழுதாக ஆறவிட்டு, கிளாம்புகளை மறுபடி இறுக்குங்கள்.

அறிகுறி: கிலுகிலுவென்று ஆடும் சத்தம்

முதலில் சைலன்சரை விட்டு வெளியே தேடுங்கள். கால் சுடாமல் இருக்கப் பூட்டியிருக்கும் பாதுகாப்புத் தகட்டின் திருகு தளர்ந்திருக்கும். தொங்கு றப்பர் வெடித்திருக்கும். கிளாம்ப் கூட்டோடு உரசும். குளிர்ந்த சைலன்சரைக் கையால் பிடித்து உலுக்கினால் இவை உடனே தெரியும். வெளியே எதுவும் ஆடாமல் உள்ளிருந்து சத்தம் கேட்டால், கழற்றி நிமிர்த்திப் பிடித்து மெல்லச் சாயுங்கள். ஏதோ ஒன்று உருண்டு ஓடுகிறது என்றால் உடைந்த ரிவெட் துண்டாக இருக்கலாம். 'டங்' என்று ஒரே இடத்தில் இடிக்கிறது என்றால் துளைக்குழாய் மூடியிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவதற்கு மூடியைத் திறந்து, நாரை முழுதாக வெளியே எடுத்த பின் ஆர்கன் வெல்டிங் செய்விக்க வேண்டும். உள்ளே கண்ணாடி நார் இருந்தது என்பதை ஒட்டுபவரிடம் சொல்லியே கொடுங்கள்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வாகனம் முழுதும் அதிர்ந்து உறுமுகிறது

ஹபரணை வீதியில் ஒரே சீராக ஓடும்போது இது நன்றாகத் தெரியும். வேகத்தைச் சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ மறைந்துவிடும். குழாய் சட்டத்திலோ உடலிலோ எங்காவது தொடுகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். தொட்ட இடத்தில் பைபர் கிளாஸ் பழுத்து மினுங்கிக் காணப்படும். புதுப் பஞ்சு அடைத்த பின்னரே இது தொடங்கியது என்றால் அடைத்த அளவைச் சந்தேகியுங்கள். இரண்டும் சரியென்றால் சைலன்சரின் நீளமே அந்த எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. அதற்கு இன்னொரு சிறு சைலன்சரைத் தொடராகச் சேர்க்க வேண்டிவரும். அது பட்டறை வேலை.

அறிகுறி: அக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வெடிக்கிறது

சைலன்சருக்கு முன்னால் எங்கோ ஒரு மூட்டு வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே சொன்ன சவர்க்கார நீர்ச் சோதனை இதற்கும் பொருந்தும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் இதைச் சரிசெய்வது அவசியம், ஏனெனில் உள்ளே புகும் காற்று அளவீட்டைப் பிறழச் செய்யும். மூட்டுகள் எல்லாம் சரியாக இருந்தும் வெடி நிற்காவிட்டால் கலவையோ பற்றவைப்பு நேரமோ பிழைத்திருக்கிறது. எஞ்சின் டியூன் செய்பவரிடம் காட்டுங்கள். பஞ்சைச் சிதறடிப்பதில் இந்த வெடிகளுக்கு மேல் எதுவும் இல்லை.

அறிகுறி: கூட்டின் அடியில் கறள் நீர் சொட்டுகிறது

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் வாகனத்தில் சைலன்சர் சூடேறுமுன்னே எஞ்சின் நின்றுவிடுவதால் அந்த நீர் பஞ்சிலேயே தங்கும். வால் குழாயில் தெளிந்த நீர் சொட்டினால் கவலை வேண்டாம். கூட்டின் மூட்டில் பழுப்பு நீர் கசிந்தால்தான் பிரச்சினை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதே இதற்குச் செலவில்லாத மருந்து. அடுத்ததாக, சைலன்சரின் மிகத் தாழ்ந்த புள்ளியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று இடலாம். அதனால் சத்தம் பெரிதாக அதிகரிக்காது. ஆணிமுனையால் அழுத்தும்போது உலோகம் உள்வாங்கினால் கூடே மெலிந்துவிட்டது. ஒட்டுப் போட்டாலும் ஒட்டின் ஓரத்தில் மறுபடி ஓட்டை விழும். கூட்டை மாற்றுங்கள்.

வாடைக்கால மழையில் நீர் நிற்கும் வீதியில் எஞ்சின் நின்று சைலன்சருக்குள் வெள்ளம் புகுந்திருந்தால், நன்னீராக இருக்கும் பட்சத்தில் வடியவிட்டு நீண்ட ஓட்டத்தில் உலர்த்தலாம். கடல் நீரோ கழிமுக நீரோ புகுந்திருந்தால் உலர்த்திப் பயனில்லை. நீர் போனாலும் உப்பு நாரில் தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். அந்த வாரத்துக்குள்ளேயே பிரித்து, கூட்டை நன்னீரில் கழுவி, புதுப் பஞ்சு அடைக்க வேண்டும்.

அறிகுறி: சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் இழுவை இல்லை

நேராக ஓடும் துளைக்குழாயில் இது அரிது. வால் குழாய்க்குள் டோர்ச் அடித்தால் மறுமுனை வட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நசுங்கியோ நார்க்கட்டி அடைத்தோ இருந்தால் பிரிக்க வேண்டியதுதான். வாகனம் நெடுநாள் ஓடாமல் நின்றிருந்தால் குளவிக் கூட்டையும் எதிர்பாருங்கள். குழாய் தெளிவாக இருந்தால் சைலன்சரை விட்டு எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: புதுப் பஞ்சும் சில மாதங்களில் தீர்ந்துவிடுகிறது

கம்பிப் பஞ்சு சுற்றினீர்களா, நிறுத்து அடைத்தீர்களா, முனைகளை நிரப்பினீர்களா என்பதை முதலில் சரிபாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் தீர்கிறது என்றால் காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். எல்லாம் காய்ந்த கரியாக இருந்தால் பெற்றோல் அதிகம் போகிறது. காபரேட்டரின் சோக் முழுதாகத் திறக்கிறதா, காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத தொடக்கம். ஒன்று மட்டும் பெற்றோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய்த் தீப்பற்றுகிறது. பிளக்கையும் அதன் வயரையும் மாற்றிப் பாருங்கள். பிளக்கில் எண்ணெய் படிந்து, வால் குழாயில் நீலப் புகை வந்தால், வால்வ் சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளக்கும் கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நான்கு சிலிண்டர்களையும் அளந்து எழுதி வாங்குங்கள். அந்த வேலை முடியும் வரை சைலன்சரைத் திறக்க வேண்டாம், அடுத்த பஞ்சையும் வாங்க வேண்டாம்.